கல்லூரியின் பன்முகத்தன்மை வாக்குறுதியை இங்கிருந்தே சோதிப்பது எப்படி?

திருச்சியிலிருந்து ஒரு தந்தையின் கேள்வி: “மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (கலை, அறிவியல் பாடங்களைச் சேர்த்துப் படிக்கும் சிறிய இளங்கலைக் கல்லூரி) சேர ஆசைப்படுகிறாள். நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த என் அண்ணன் மகளும் அதே கல்லூரிகளுக்குத்தான் விண்ணப்பிக்கிறாள். ஒவ்வொரு கல்லூரியும் பன்முகத்தன்மை, இன சமத்துவம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறது. இதனால் என் மகளுக்கு வாய்ப்பு கூடுமா? சொன்னதைச் செய்கிற கல்லூரி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாங்கள் பட்டியல் சாதியினர். அதைக் கட்டுரையில் எழுதலாமா?”

முதலில் நம்மூர் இட ஒதுக்கீட்டை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 69 சதவீதம் என்பது சட்டம். யாருக்கு எத்தனை இடம், கட்-ஆஃப் எவ்வளவு என்பதெல்லாம் வெளியே தெரியும். அமெரிக்காவில் அப்படி இடங்களைப் பிரித்து வைப்பதை 1978-லேயே பாக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. பல அம்சங்களில் ஒன்றாக இனத்தையும் பார்க்கலாம் என்ற அனுமதி மட்டும் இருந்தது. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்ட், வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் வந்த தீர்ப்பு அதையும் முடித்துவைத்தது. இன்று அங்கே விண்ணப்பிக்கும் எவருக்கும், இன்ன இனம் என்பதற்காக மட்டும் கூடுதல் மதிப்பு கிடையாது.

உங்கள் மகளுக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. அவள் இந்தியக் குடிமகள், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போவாள். இன வாரியாகக் கணக்கெடுக்கும்போது கல்லூரிகள் அவளை ஆசியர் என்ற வரிசையில் சேர்ப்பதில்லை. ‘வெளிநாட்டவர்’ என்ற தனி வரிசையில்தான் சேர்க்கும். நியூ ஜெர்சி அக்கா அமெரிக்கக் குடிமகள் என்பதால் ஆசியர் கணக்கில் வருவாள். ஒரே தாத்தாவின் பேத்திகள் இரண்டு பத்தியில்! ஆகவே கல்லூரிக் கையேட்டில் ‘எங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் வெள்ளையர் அல்லாதவர்கள்’ என்று போட்டிருந்தால், அதில் உங்கள் மகளைப் போன்றவர்களைச் சேர்த்துச் சொல்கிறார்களா, சேர்க்காமல் சொல்கிறார்களா என்று பாருங்கள். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்து எண்ணிக்கையைக் கொழுக்க வைப்பதும் நடக்கிறது.

தீர்ப்பின் விளைவு சிறிய கல்லூரிகளில் உடனே தெரிந்தது. மாசசூசெட்ஸில் உள்ள ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 2023-இல் சேர்ந்த முதலாண்டு மாணவர்களில் கறுப்பின மாணவர்கள் 11 சதவீதம். 2024-இல் 3 சதவீதம். ஐந்நூறு பேர்கூட இல்லாத வகுப்பு அது. 3 சதவீதம் என்றால் பதினைந்து பேர்கூட வராது. வகுப்பறையில் தன்னைப் போல் வேறு யாருமே இல்லை என்று ஒரு மாணவி உணரும் நிலைமை அது. இத்தனைக்கும் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தரும் முன்னுரிமையை 2021-லேயே கைவிட்ட கல்லூரி ஆம்ஹர்ஸ்ட். பொமோனா 2017-இல் கைவிட்டது, வெஸ்லியன் 2023-இல். நல்ல எண்ணம் இருந்தாலும் எண்ணிக்கை சரியும் என்பதற்கு இது சாட்சி.

ஆனாலும் அந்த முன்னுரிமை இருக்கிறதா இல்லையா என்பதை நான் முதலில் பார்ப்பேன். சமத்துவம் பற்றி அழகாக எழுதிவிட்டு, அப்பாவும் தாத்தாவும் அங்கே படித்த பிள்ளைக்குத் தனிச் சலுகை தருகிற கல்லூரி, தலைமுறை தலைமுறையாக யார் உள்ளே இருந்தார்களோ அவர்களுக்கே மறுபடியும் கதவைத் திறக்கிறது. உங்கள் வீட்டுப் பெண்கள் இருவருக்குமே அது பாதகம். இதைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டாம். கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரக் கோப்பு அது. அதில் சி7 என்ற அட்டவணை, சேர்க்கையில் எதற்கு எவ்வளவு எடை என்று சொல்லும். முன்னாள் மாணவர் உறவு, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற இரண்டு வரிகளை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பி2 அட்டவணை இன வாரியான எண்ணிக்கை. எச்6 வெளிநாட்டு மாணவர்களுக்குக் கொடுத்த உதவித்தொகை: எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு.

சேர்ப்பது ஒரு பாதி. சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கினார்களா என்பதுதான் உண்மையான சோதனை. அமெரிக்கக் கல்வித் துறையின் ‘காலேஜ் நேவிகேட்டர்’ தளம் இலவசம். எந்தக் கல்லூரியைத் தட்டினாலும் ஆறு ஆண்டுக்குள் பட்டம் முடித்தவர்களின் சதவீதத்தை இன வாரியாகக் காட்டும். வெளிநாட்டவருக்கும் தனி வரி உண்டு. மொத்தத்தில் 90 சதவீதம் என்று இருந்து, கறுப்பின, லத்தீன் மாணவர்களிடம் அது பெரிதாகக் குறைந்தால், உள்ளே ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: சின்னக் கல்லூரியில் நாலு பேர் விலகினாலே சதவீதம் குதிக்கும். ஒரே ஆண்டை வைத்து முடிவு செய்யாமல் நாலைந்து ஆண்டுகளைப் பாருங்கள்.

எது வேலை செய்கிறது என்று கேட்டால், நான் மதிக்கும் உதாரணம் பாஸி அறக்கட்டளை. 1989-இல் டெபோரா பியல் தொடங்கியது. ஒரு நகரத்தின் பள்ளிகளிலிருந்து பத்துப் பேர் அளவிலான குழுவைத் தேர்ந்தெடுத்து, பள்ளி இறுதியாண்டிலேயே சேர்ந்து பயிற்சி கொடுத்து, ஒரே கல்லூரிக்கு ஒன்றாக அனுப்புகிறார்கள். கல்விக் கட்டணத்தைக் கல்லூரி ஏற்கும். தனியாகப் போய்த் திணறும் பிள்ளைக்கு, கூடவே பழகிய ஒன்பது பேர் இருந்தால் நிலைமை வேறு. உங்கள் மகள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது, அது அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கானது. ஆனால் இது போன்ற ஏற்பாடுகளுக்குக் காசு செலவழிக்கும் கல்லூரியை, ஒரு நாள் கருத்தரங்கு நடத்திவிட்டுப் படம் போடும் கல்லூரியிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். முதலாண்டுக்கு முந்தைய கோடைகாலப் பயிற்சி உண்டா, திடீர்ச் செலவுக்குக் கைகொடுக்கும் நிதி உண்டா, விடுமுறையில் விடுதி திறந்திருக்குமா என்று கேளுங்கள். ஊருக்கு வர டிக்கெட் எடுக்க முடியாத பிள்ளைக்கு டிசம்பரில் விடுதியைப் பூட்டினால் எங்கே போவாள்?

பல கல்லூரிகளில் ‘பன்முகத்தன்மை அலுவலகம்’ என்ற பலகையே இப்போது காணோம். 2025 ஜனவரியில் பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு எதிரான அதிபர் ட்ரம்பின் உத்தரவுகளும், பிப்ரவரி 14 அன்று கல்வித் துறை அனுப்பிய மிரட்டல் கடிதமும் வந்தபின் பெயர் மாற்றங்கள் வேகமெடுத்தன. அந்தக் கடிதம் செல்லாது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் மேரிலாந்து கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னாலும் கல்லூரிகளின் பயம் முழுதும் போகவில்லை. எனவே பெயரைத் தேடாதீர்கள். நேற்று அந்த வேலையைச் செய்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்களா என்று இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேட்டால் போதும். சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதினால் பேசவைக்க ஏற்பாடு செய்வார்கள்.

இனி பணம். உங்கள் மகளுக்கு இதுதான் உண்மையான கதவு. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது பணத் தேவையைப் பார்க்காத முறைக்கு ‘நீட்-பிளைண்ட்’ என்று பெயர் (நம்மூர் நீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). வெளிநாட்டவருக்கும் இதைத் தருகிற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் மிகக் குறைவு. ஆம்ஹர்ஸ்ட், போடோயின் அவற்றில் இரண்டு. மற்ற பெரும்பாலான இடங்களில் உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கலாம். கென்டக்கியில் உள்ள பெரியா கல்லூரி வேறு ரகம். 1855-இல் அடிமை ஒழிப்புவாதி ஜான் ஃபீ தொடங்கியது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து படித்த கல்லூரி அது. 1904-இல் மாநில அரசு அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது, 1908-இல் உச்ச நீதிமன்றமும் அரசின் பக்கம் நின்றது. 1950-இல் சட்டம் தளர்ந்ததும் கறுப்பின மாணவர்களை மீண்டும் சேர்த்தது. இன்றும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. மாணவர்கள் எல்லோரும் கல்லூரியிலேயே வேலை செய்ய வேண்டும். பட்டியலில் கட்டாயம் சேருங்கள்.

சாதி பற்றி எழுதலாமா? தாராளமாக. 2023 தீர்ப்பிலேயே தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதுவதைக் கல்லூரி கருத்தில் கொள்ளலாம், ஆனால் அது அவருடைய குணத்தோடும் திறமையோடும் இணைந்திருக்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு பல கல்லூரிகள் ‘உங்கள் பின்னணி உங்களை எப்படி உருவாக்கியது’ என்ற மாதிரிக் கேள்விகளைச் சேர்த்தன. சாதிச் சான்றிதழை யாரும் கேட்கமாட்டார்கள். ‘நாங்கள் ஒடுக்கப்பட்டவர்கள்’ என்ற வரியோடு நின்றால் படிப்பவருக்கு எதுவும் புரியாது. என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள் என்று ஒரு சம்பவத்தை எழுதட்டும். எழுத விருப்பமில்லையா, விட்டுவிடட்டும். அப்பா சொன்னார் என்பதற்காகத் தன் காயத்தை எழுத வேண்டியதில்லை.

சேர்ந்தபின் சாதி பின்னாலேயே வரலாம். தமிழ்ப் பிள்ளைகள் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. அதனால் சக இந்திய மாணவர்கள் ‘எந்த ஊர், வீட்டில் நான்-வெஜ் உண்டா’ என்று சுற்றிவளைத்துக் கேட்பார்கள். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இல் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியைச் சேர்த்தது. மெய்ன் மாநிலத்தின் கோல்பி கல்லூரி 2021-இல் சேர்த்தது. விதியில் அந்தச் சொல் இருந்தால் புகார் கொடுக்கும்போது ‘சாதி என்றால் என்ன’ என்று முதலிலிருந்து விளக்க வேண்டியிராது, விசாரிக்கும் பொறுப்பும் கல்லூரிக்கு வரும். ஒவ்வொரு கல்லூரியின் பாகுபாட்டுத் தடை அறிக்கையையும் திறந்து அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

நியூ ஜெர்சி அக்காவுக்கு உதவித்தொகை விதிகள் வேறு. அவள் எஃப்ஏஎஃப்எஸ்ஏ என்ற உதவித்தொகைப் படிவம் நிரப்பினால் அமெரிக்க மத்திய அரசின் உதவியும் கிடைக்கலாம். உங்கள் மகளுக்கு அந்தப் படிவம் இல்லை. பல கல்லூரிகள் அவளிடம் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற குடும்ப நிதி விவரப் படிவம் கேட்கும். முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்கு நவம்பர் முதல் பாதியில் கெடு முடியும். உங்கள் வருமானச் சான்று, வங்கி விவரம், ஐடி ரிட்டர்ன் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தயார் செய்து செப்டம்பருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் எவ்வளவு நாளாகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.