அரசியல் செல்வாக்குள்ள கம்பெனிக்குக் கடனில் சரக்குக் கொடுக்கலாமா? சேலம் தொழில்காரர்களின் கேள்வி பதில்

வியாபாரக் கடன் ஆய்வு என் வேலை. அந்த எல்லைக்குள் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். எந்தக் கம்பெனி, எந்தத் தலைவர் பெயரையும் இங்கே எழுத வேண்டாம். என்ன சரக்கு, எவ்வளவு தொகை, எத்தனை நாள் கடன் என்று மட்டும் சொன்னால் போதும்.

கருப்பூர், இரும்பு ஃபேப்ரிகேஷன்: வணக்கம் சார். ஒரு கட்சிப் பிரமுகரோட மச்சான் கம்பெனின்னு சொல்றாங்க. மாசம் 10 லட்சத்துக்கு ஆர்டர், 120 நாள் கடன் கேக்குறாங்க. எங்க இருந்து விசாரிக்கறது?

"சொல்றாங்க" என்பதை முதலில் சரிபாருங்கள். பெரிய பெயரைச் சொல்லிக் கடன் கேட்பவர்கள் எல்லோருக்கும் அந்த உறவு இருப்பதில்லை. பிரமுகர் தேர்தலில் நின்றவர் என்றால் அவருடைய படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்தில் இருக்கும். அவர், அவர் துணை, சார்ந்திருப்போர் ஆகியோரின் பங்குகள், கடன்கள், அவர் மீதுள்ள நிலுவை வழக்குகள் அதில் உண்டு. மச்சான் அதில் வரமாட்டார். அதனால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி, கம்பெனியின் ஆவணங்களைத் திறந்து பாருங்கள். ஆண்டறிக்கையான எம்ஜிடி-7 படிவத்தில் இயக்குநர்களும் பங்குதாரர்களும் இருப்பார்கள். தேர்தல் முடிந்த கையோடு இயக்குநர்கள் மொத்தமாக மாறியிருந்தால் காரணம் கேளுங்கள்.

அடுத்தது, ஏஓசி-4 படிவத்துடன் கம்பெனி தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்கு. எல்லோரும் லாபத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது கொடுக்க வேண்டிய பாக்கி. 2021-22 கணக்கிலிருந்து சப்ளையர் பாக்கியை வயது வாரியாக, சிறுதொழிலுக்குத் தனியாகவும் மற்றவர்களுக்குத் தனியாகவும் காட்ட வேண்டும். ஓராண்டு தாண்டிய பாக்கி, தகராறில் உள்ள பாக்கி என்ற கட்டங்களில் தொகை இருந்தால், நாளை உங்கள் பில்லும் அங்கேதான் போகும். ஒரு கணக்கும் போடுங்கள்: ஆண்டுக் கொள்முதல் 12 கோடி, சப்ளையர் பாக்கி 5 கோடி என்றால், ஐந்தைப் பன்னிரண்டால் வகுத்து 365-ஆல் பெருக்க 152 நாள். 120 நாளில் தருகிறேன் என்பவர் 152 நாள் எடுத்துக்கொண்டிருக்கிறார். வரவேண்டிய பாக்கிக்கும் அதே மாதிரி வயதுப் பட்டியல் உண்டு. அரசு வேலை செய்யும் கம்பெனியில் அந்தப் பட்டியல் வீங்கியிருந்தால், அவர்களுக்கே பில் நிற்கிறது என்று பொருள். அதே தளத்தின் அடமானப் பதிவில், இருப்புச் சரக்கும் வரவேண்டிய பாக்கியும் வங்கிக்கு அடமானமாகப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் பக்கக் கணக்கு: மாதம் 10 லட்சம், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 11.8 லட்சம். நாலு மாதத்தில் 47.2 லட்சம் வெளியே நிற்கும். அதில் 7.2 லட்சம் வரி. மூலப்பொருள் வாங்கும்போது நீங்கள் கட்டிய வரியைக் கழித்தது போக மீதியை, அவர்கள் ஒரு ரூபாய் தராவிட்டாலும் மாதாமாதம் நீங்கள் கட்டியாக வேண்டும். இந்த 47 லட்சம் வராமலே போனாலும் கூலியும் வங்கித் தவணையும் கொடுக்க முடியுமா? முடியாது என்றால் 30 சதவீதம் முன்பணம், மீதிக்கு 45 நாள், முந்தின பில் தீராமல் அடுத்த லோடு இல்லை என்று எழுதி வாங்குங்கள்.

அம்மாபேட்டை, விசைத்தறி: சார், சீருடைத் துணி ஆர்டர். "கவர்மென்ட் பில் பாஸானாத்தான் உங்களுக்குப் பணம்"னு ஒப்பந்தத்துல போட்டிருக்காங்க. கையெழுத்துப் போடலாமா?

நீங்கள் உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவுள்ள குறு அல்லது சிறு உற்பத்தியாளர் என்றால், 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி சரக்கை அவர்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை எழுத முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டி. ஆன்லைனில் மனுப் போட்டு, இத்தகைய பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போகலாம். அங்கே வரும் தீர்ப்பை எதிர்க்க அவர்கள் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். செல்வாக்குள்ளவர்களை அசைக்கும் விதி இந்த 75 சதவீதம்தான்.

உத்யம் பதிவை முதல் லோடு போகும் முன்பே எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் அதையே எதிர்வாதமாக வைப்பார்கள். சரக்கில் குறை என்றால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இறக்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். அந்த நாளுக்கு ஆதாரம் டெலிவரி சலான். சலானில் பெயர், கையெழுத்து, தேதி, சீல் நான்கும் வேண்டும். வாட்ச்மேன் கிறுக்கிய கையெழுத்து வழக்கில் நிற்காது. தேர்தல் நேரத்தில் பில் நிற்கும் என்பார்கள். முடிந்த வேலைக்குப் பணம் தர நடத்தை விதி தடை சொல்வதில்லை.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை: பிளாங்க் செக் ரெண்டு கொடுத்திருக்காங்க சார். அது போதும்ல?

போதாது. செக் வழக்கு நிற்க, வங்கியில் போடும் நாளில் அந்தக் கடன் இருந்தது என்று உங்கள் பில்லும் சலானும் சொல்ல வேண்டும். செக் திரும்பியதாக வங்கி சொன்ன 30 நாளுக்குள் நோட்டீஸ், அவர்களுக்கு 15 நாள் அவகாசம், அதன் பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஒரு தேதி தவறினாலும் சிக்கல். கையெழுத்துப் போட்டவர் யார் என்றும் பாருங்கள். பெரிய வீட்டுக் கம்பெனிகளில் டிரைவரும் தூரத்து உறவும் கையெழுத்திடுவது உண்டு. அமலாக்கத் துறை கணக்கையே முடக்கிவிட்டால் செக் வழக்கு இன்னும் சிக்கலாகும். வெள்ளியைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: எடை போட்டதும் பணம். கடன் வேண்டாம்.

ஏற்காடு, கட்டட ஒப்பந்தக்காரர்: ஒரு அரசியல் குடும்பம் காபி எஸ்டேட் வாங்கி ரிசார்ட் கட்டுறாங்க சார். வேலை பெருசு. என்ன பாக்கணும்?

பணத்துக்கு முன் நிலம். பத்திரப் பதிவுத் தளத்தில் 30 ஆண்டு வில்லங்கம் எடுங்கள். பட்டாவில் இருப்பவரும் உங்களுக்கு வேலை ஆணை தருபவரும் ஒருவர்தானா? ஏற்காட்டில் மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகள் உண்டு, அதனால் கட்டட அனுமதியின் நகல் கைக்கு வராமல் ஜேசிபியை ஏற்றாதீர்கள். தோட்டம் என்று நில உச்சவரம்பில் விலக்குப் பெற்ற நிலத்தில் காபியை அழித்துக் கட்டினால் அந்த விலக்கே கேள்விக்கு வரும். சில்வர் ஓக் வெட்டுவதற்கும் 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். "மேல சொல்லியாச்சு" என்பது அனுமதி ஆகாது. சீல் வைத்தால் உங்கள் சென்ட்ரிங் பலகையும் கம்பியும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அஸ்திவாரம், ஒவ்வொரு தளம், பூச்சு என நிலைவாரியாகப் பணம் வாங்கி, அடுத்த நிலைக்கான பணம் வந்த பிறகு வேலையைத் தொடருங்கள்.

சூரமங்கலம்: ஒரு அரசியல் வீட்டுக் கம்பெனியில என்னை டைரக்டரா போடறேன்னு சொல்றாங்க. முதலீடு எதுவும் வேண்டாமாம்.

வேண்டாம். பணம் அவர்களுடையது, பங்கோ சொத்தோ உங்கள் பெயரில் என்றால் அது பினாமி. ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல், சொத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம், சொத்தும் பறிமுதல்.

கொண்டலாம்பட்டி: செக்யூரிட்டி செக் வாங்கிட்டா தைரியமா இருக்கலாமா சார்?

செவ்வாய்ப்பேட்டைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

லீ பஜார், மளிகை மொத்த வியாபாரம்: தம்பி, நீங்க ரொம்பப் பயமுறுத்தறீங்க. அரசியல் வீட்டுக்காரன் பேருக்குப் பயப்படுவான். ஓட்டுக் கேட்டு வர்றவன் கடைக்காரன்கிட்ட பாக்கி வெப்பானா? கணக்கு பாத்துக் கடன் கொடுத்தா இந்த பஜார்ல வியாபாரமே நடக்காது.

ஐயா, வீட்டுக்குப் போகும் மளிகைக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஓட்டு கேட்டு வருபவர் கம்பெனியின் இயக்குநர் அல்ல. கம்பெனி பாக்கி வைத்தால் அவர் பெயர் எங்கும் வராது. செல்வாக்கால் வந்த உரிமம் ஒரே நாளில் போகவும் போகும். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்தது. 2014 செப்டம்பரில் 204 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகள் போயின. அந்தக் கம்பெனிகளுக்குக் கடனில் சரக்குக் கொடுத்தவர்கள் தவறேதும் செய்யவில்லை.

லீ பஜார்: நிலக்கரிக்கும் நம்ம பருப்புக்கும் என்ன சம்பந்தம் தம்பி? ஆட்சி மாறினா புது ஆள் வருவான். அவனுக்கும் சரக்கு வேணும்.

புது ஆள் புதுச் சரக்குக்குப் பணம் தருவார் ஐயா, பழைய ஆளின் பாக்கியை யார் தருவார்? திவால் சட்டத்தில் மனுப் போடவே 1 கோடி பாக்கி இருக்க வேண்டும். போட்டாலும் அடமானம் வாங்கிய வங்கிகளுக்குப் பிறகுதான் நமக்கு.

ஆத்தூர், ஜவ்வரிசி ஆலை: அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு சார். ரெண்டு கட்சிக்கும் வேண்டப்பட்ட கம்பெனின்னா ஆபத்துக் கம்மிதானே?

நல்ல கேள்வி. அதைக் கணக்கிலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2011-லும் 2021-லும் ஆட்சி மாறியது. அந்தக் கம்பெனியின் 2010-11 முதல் 2012-13 வரையிலான விற்பனையையும், 2020-21 முதல் 2022-23 வரையிலான விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு முறையும் பெரிதாக விழாமல் நின்றிருந்தால், செல்வாக்கைத் தாண்டிய தொழில் இருக்கிறது, தாராளமாகப் பேசலாம். கொரோனாவால் 2020-21 ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 2021-க்குப் பிறகே பிறந்த கம்பெனிக்கு இந்தச் சோதனை உதவாது. அதற்கு முன்பணம்தான். 2019 ஏப்ரலிலிருந்து 2024-ல் அந்தத் திட்டம் ரத்தாகும் வரை, கட்சிகளுக்கு நன்கொடை தரத் தேர்தல் பத்திரம் வாங்கியவர்களின் பட்டியலும் தேர்தல் ஆணையத் தளத்தில் இருக்கிறது, ஒரு முறை தேடுங்கள்.

லீ பஜார்: சரி தம்பி. இப்ப ஒரு ஆர்டர் கையில இருக்கு. ஆர்டர் லெட்டர் ஒரு பேர்ல, பில் இன்னொரு பேர்ல போடச் சொல்றாங்க. போன தடவை பணம் மூணாவது பேர்ல இருந்து வந்துச்சு. இது சகஜம்தான?

சகஜம், ஆனால் கடனுக்கு ஒத்துவராது ஐயா. ஆர்டர் கொடுத்தவர் சரக்கு வாங்கவில்லை என்பார், பில் பெயருள்ளவர் ஆர்டர் தரவில்லை என்பார், பணம் கொடுத்தவர் அது வேறு கணக்கு என்பார். நீங்கள் வாங்கி விற்கும் வியாபாரி என்பதால் 45 நாள் சட்டமும் துணைக்கு வராது. பில் போடச் சொல்லும் ஜிஎஸ்டி எண்ணைத் தளத்தில் தட்டி, பதிவான தேதியும் ரிட்டர்ன் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

லீ பஜார்: பாத்தேன். பதிஞ்சு அஞ்சு மாசம். கடைசி ரெண்டு மாசம் ரிட்டர்ன் இல்ல.

லோடை நிறுத்துங்கள் ஐயா. ஆர்டர் கொடுத்த கம்பெனி பெயரிலேயே பில், அந்தக் கம்பெனியின் கணக்கிலிருந்தே முழுப் பணம், வங்கியில் வரவானது தெரிந்த பிறகு லாரி. மறுத்தால் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.