கோரல் டிரா கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்

வணக்கம் அம்மா. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு கிராபிக் டிசைன்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், பக்கத்து கணினி மையத்தில் கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளைக் கற்றுத்தரப் பெரிய தொகை கேட்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த மாதம் வேண்டாம் என்கிறேன். முதலில் வீட்டு லேப்டாப்பில் இங்க்ஸ்கேப்பைப் போட்டுக் கொடுங்கள். 2003 முதல் வெளிவரும் வெக்டர் மென்பொருள், அதாவது கோரல் டிரா போலவே படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகவும் வடிவங்களாகவும் வரைவது, முழுக்க இலவசம்.

அப்புறம் ஒரு வேலை கொடுங்கள். தெருவில் உள்ள மளிகைக் கடையின் பெயர்ப் பலகையைப் போனில் படமெடுத்து, "இந்த லோகோவை வைத்து ஒரு விசிட்டிங் கார்டு செய்" என்று அனுப்புங்கள். அச்சகத்திலோ ஃபிளெக்ஸ் கடையிலோ புதிதாகச் சேர்பவரிடம் யாரும் முதல் நாளே புது லோகோ வரையச் சொல்வதில்லை. வாடிக்கையாளர் அனுப்பிய கோணல்மாணலான படத்தைத் திறந்து வேலைக்கு ஆக்குவதுதான் முதல் வேலை. பல பேர் தடுமாறுவது அங்கேதான்.

கார்டு அளவில் பக்கத்தை அமைத்து வைத்துவிட்டு 'ஓப்பன்' கொடுத்தால், படம் அதற்குள் வராது. தனி ஃபைலாகத் திறக்கும், பக்கமும் படத்தின் அளவுக்கு மாறியிருக்கும். அமைத்த பக்கத்துக்குள் கொண்டுவர 'இம்போர்ட்' வேண்டும். இங்க்ஸ்கேப்பிலும் கோரல் டிராவிலும் கன்ட்ரோல் ஐ, அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் அதன் பெயர் 'பிளேஸ்'. இங்க்ஸ்கேப் அப்போது எம்பெட்டா, லிங்க்கா என்று கேட்கும். லிங்க் கொடுத்தால் படம் இருக்கும் இடம் மட்டுமே ஃபைலில் பதியும். டிசைன் ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனால், அங்கே படம் வராது. எம்பெட் கொடுத்தால் ஃபைல் கனமாகும், ஆனால் படம் உள்ளேயே இருக்கும். மகள் எதைத் தேர்ந்தெடுத்தாள் என்பதைவிட, ஏன் என்று சொல்லத் தெரிகிறதா என்று பாருங்கள்.

வெக்டர் மென்பொருளில் வைத்துவிட்டால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது என்று சில மாணவர்கள் நம்புகிறார்கள். போட்டோ எங்கே போனாலும் போட்டோதான். 1200 பிக்சல் அகலமுள்ள படம் 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில், 4 அங்குலம் வரும், விசிட்டிங் கார்டுக்குத் தாராளம். அதையே 10 அடி பேனருக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 10 பிக்சல்தான் மிஞ்சும், கட்டம் கட்டமாகத் தெரியும். வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் அதுவே படத்தைச் சுருக்கிவிடும். டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கத் தெரிவதும் தொழில்தான்.

சரி, போட்டோவைத் தானாகவே வெக்டர் கோடுகளாக மாற்ற 'டிரேஸ் பிட்மேப்' என்று ஒரு வசதி இருக்கிறதே என்பாள். ஒன்றிரண்டு நிறமுள்ள தெளிவான லோகோவுக்கு அது பரவாயில்லை. மங்கலான போன் படத்துக்குக் கொடுத்தால் கோடெல்லாம் நெளிந்து புள்ளிகள் குவிந்துவிடும். அடியில் படத்தை வைத்து, மேலே பென் டூலால் வரைவதே சுத்தமான வழி. அந்தப் பொறுமை இருக்கிறதா என்பதைத்தான் இந்தச் சோதனையில் நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

தமிழ் எழுத்து தனித் தலைவலி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கடைப் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். கோரலில் கன்ட்ரோல் க்யூ கொடுத்து எழுத்தை வளைகோடாக மாற்றி அனுப்பினால் தப்பலாம். ஆனால் அதன் பிறகு ஒற்றுப்பிழையைக்கூடத் தட்டச்சு செய்து திருத்த முடியாது, மாற்றாத நகல் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தால் கோரலுக்குப் போகட்டும். அச்சுக்குத் தேவையான சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை) நிறங்களில் இங்க்ஸ்கேப் கொஞ்சம் பலவீனம்தான், அச்சகங்களும் பெரும்பாலும் கோரலில்தான் ஓடுகின்றன. மையத்தில் சேர்க்கும் முன், வாடிக்கையாளர் தரும் மாதிரியான ஃபைல்களில் பயிற்சி உண்டா, மெனுவை மட்டும் காட்டுவார்களா என்று கேளுங்கள். ஐடிஐ-யிலும் டெஸ்க்டாப் பப்ளிஷிங் ஆபரேட்டர் என்று ஓராண்டுப் பிரிவு இருக்கிறது, பக்கத்தில் எங்கே என்று விசாரியுங்கள். அரசு ஐடிஐ-யில் இடம் கிடைத்தால், மையத்துக்குக் கட்ட வைத்திருந்த பணத்தில் அவளுக்கு நல்ல மானிட்டரே வாங்கிக் கொடுக்கலாம்.