மானிய அதிகாரி ஒன்பது கேள்விகள் கேட்டால் விண்ணப்பம் தோற்றுவிட்டதா?

கேள்வி: சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் ஆறு ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகங்களைப் படித்துக் காட்டுகிறோம், அவர்களையும் வாய்விட்டுப் படிக்க வைக்கிறோம். தொண்டூழியர்கள் ஏழு பேர், பிள்ளைகள் 25 பேர். இதுவரை எல்லாம் கைக்காசு. இவ்வாண்டு ஓர் அறக்கட்டளையிடம் 40 வாரங்களுக்கு 18,000 வெள்ளி கேட்டு விண்ணப்பித்தோம். மூன்று வாரம் கழித்து அங்குள்ள மானிய அதிகாரி ஒன்பது கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார். விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்த ஆலோசகரோ, "நிராகரிப்பதற்கு முன் இப்படித்தான் கேட்பார்கள். நீங்கள் பதில் எழுத வேண்டாம், உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது, பேசிக்கொள்கிறேன்" என்கிறார். கிடைக்கும் தொகையில் அவருக்கு 12 விழுக்காடு தருவதாகப் பேச்சு. என்ன செய்வது? (வாசகி, உட்லண்ட்ஸ். விண்ணப்பத்தின் நகலையும் செலவுப் பட்டியலையும் இணைத்திருந்தார்.)

பதில்: பதில் எழுதுங்கள். நீங்களே எழுதுங்கள். ஆலோசகர் அந்த மின்னஞ்சலைத் தொடவே கூடாது.

பதினேழு ஆண்டுகள் நான் மானிய அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். நிராகரிக்கப்போகும் விண்ணப்பத்துக்கு மூன்று வரிக் கடிதம் போகும், அத்துடன் சரி. கொடுக்க விருப்பமில்லாத இடத்துக்கு ஒன்பது கேள்விகளை யோசித்து எழுத எந்த அதிகாரிக்கும் நேரம் கிடையாது. உங்கள் விண்ணப்பம் அவருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதை அப்படியே நிர்வாகக் குழுவின் மேசைக்குக் கொண்டுபோனால் தோற்றுவிடும் என்றும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கேட்கிறார்.

பலரும் புரிந்துகொள்ளாத செய்தி ஒன்று உண்டு. பணம் கொடுப்பதா இல்லையா என்பதை மானிய அதிகாரி முடிவு செய்வதில்லை. அவர் இரண்டு பக்கக் குறிப்பு எழுதுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் நிர்வாகக் குழு அதைப் படித்து முடிவெடுக்கும். அந்தக் குழுவில் ஓய்வுபெற்ற வங்கியாளர் இருப்பார், மருத்துவர் இருப்பார், அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தின் பிள்ளையோ பேரனோ இருப்பார். உங்கள் சனிக்கிழமையை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. "ஒரு பிள்ளைக்கு 720 வெள்ளியா?" என்று அவர்களில் ஒருவர் கேட்பார். அந்த நேரத்தில் அதிகாரி விழித்தால் உங்கள் கோப்பு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும், பிறகு அதற்கும் அடுத்ததற்கு. அவர்கள் கேட்கப்போவதைத்தான் அவர் இன்று உங்களிடம் கேட்டிருக்கிறார். எனவே அவர் தம் குறிப்பில் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய வாக்கியங்களாக எழுதிக்கொடுங்கள். அலங்காரம் வேண்டாம்.

அந்த 720 எப்படி வந்தது? 18,000 வெள்ளியை 25 பிள்ளைகளால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். உங்கள் பட்டியலில் புத்தகங்களுக்கு 6,000, கதைசொல்லிக்கு வாரம் 150 வீதம் 6,000, சிற்றுண்டிக்கு வாரம் 50 வீதம் 2,000, அச்சுக்கும் எழுதுபொருளுக்கும் 1,500, நிர்வாகத்துக்கு 2,500 என்று இருக்கிறது. புத்தகங்கள் ஓராண்டில் தீர்ந்துபோகும் பொருள் அல்ல, அடுத்து வரும் பிள்ளைகளும் படிப்பார்கள். அதைத் தனியே பிரித்துக் காட்டுங்கள். நிர்வாகத்தைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் 9,500. ஒரு பிள்ளைக்கு ஒரு சனிக்கிழமைக்கு 9 வெள்ளி 50 காசு. இந்த எண்ணை எழுதிக்கொடுத்தால் அந்த அதிகாரி உங்களுக்கு நன்றி சொல்வார்.

நூலகத்தில் இரவல் வாங்கலாமே என்ற கேள்விக்கும் கோபப்படாதீர்கள். நியாயமான கேள்விதான். தேசிய நூலக வாரியம் 2004 முதல் கிட்ஸ்ரீட் வாசிப்புத் திட்டத்தை நடத்துகிறது. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா 1991 முதல் இந்தியப் பிள்ளைகளின் கல்விக்காக இயங்குகிறது. "அவர்கள் செய்யாத எதை நீங்கள் செய்கிறீர்கள்?" என்று குழு கேட்கத்தான் செய்யும். உங்கள் விண்ணப்பத்தின் பதினோராம் பக்கத்தில், யாரும் படிக்காத மூலையில், ஒரு வரி கிடக்கிறது: ஒரே புத்தகத்தின் படியை எல்லாப் பிள்ளைகள் கையிலும் கொடுத்து, ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் படிப்பது. அதற்கு ஒரே நூலில் 25 படிகள் வேண்டும், அத்தனை படிகளை இரவல் வாங்க முடியாது. அந்த வரிதான் உங்கள் பதில்.

பயனை எப்படி அளப்பீர்கள் என்ற கேள்விக்கு ஆலோசகர் எழுதியிருக்கும் ஒன்றரைப் பக்கத்தை நீக்கிவிடுங்கள். என்னிடம் வந்த ஒரு பதிலைச் சொல்கிறேன். ஓரறை வாடகை வீடுகளில் இருக்கும் முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த சிறு குழு அது. இதே கேள்விக்கு அவர்கள் அனுப்பியது பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கத்தின் புகைப்படம். நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்திகள்: வீட்டு எண், சாப்பாடு வாங்கிக்கொண்டாரா, கதவைத் திறந்தது யார். மூன்றாம் பத்தி எதற்கு என்று கேட்டேன். "எப்போதும் அவரே திறப்பார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் திறந்தால், ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்வோம்" என்றார்கள். அந்தப் பக்கத்தை அப்படியே குறிப்பில் ஒட்டினேன். நிர்வாகக் குழு ஐந்து நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்தது. உங்களிடமும் வருகைப் பதிவேடு இருக்கும். யார் எத்தனை பக்கம் உதவியில்லாமல் படித்தார் என்று ஒரு பத்தியை அதில் சேருங்கள், போதும்.

இனி அந்த 2,500. கிடைக்கும் 18,000 வெள்ளியில் 12 விழுக்காடு 2,160. நிர்வாகச் செலவு என்ற பெயரில் அந்தப் பட்டியலுக்குள் யாருடைய பணம் ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. அந்த அதிகாரிக்கும் புரிந்திருக்கும், ஐந்தாம் கேள்வி அதைப் பற்றியதுதான். இதில் பொய் சொல்லாதீர்கள். மானியம் கிடைத்தால் நீங்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திடுவீர்கள். ஒப்புக்கொண்ட செலவுகளைத் தவிர வேறெதற்கும் பணத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று அதில் இருக்கும். தரகுத் தொகை ஒப்புக்கொண்ட செலவு அல்ல. ஆண்டு முடிவில் கணக்குக் காட்டும்போது ஆலோசகர் இருக்க மாட்டார், உங்கள் கையெழுத்துதான் இருக்கும்.

இந்தத் தரகர்களை நான் போதும் போதும் என்னும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன். ஒரே விண்ணப்பத்தைப் பத்துக் குழுக்களுக்குப் பெயர் மாற்றிக் கொடுப்பார்கள். முதியோர் இல்லத்துக்கான விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் காற்பந்துக் குழு ஒன்றின் பெயர் மாற்றப்படாமல் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கேட்டால், "30 விழுக்காடு வரை சட்டமே அனுமதிக்கிறது" என்பார்கள். அது வேறு விதி. அறநிறுவனங்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டும்போது, திரட்டுவதற்கு ஆகும் மொத்தச் செலவு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற உச்சவரம்பு அது. மானியத்தில் பங்கு கேட்க அது உரிமம் ஆகாது. அரசாங்க மானியங்களுக்கு இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. விழுக்காட்டுக்கு எழுதிக்கொடுக்கும் எவருக்கும் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

"உள்ளே ஆள் இருக்கிறது" என்ற பேச்சு இன்னும் மோசம். சிங்கப்பூரின் ஊழல் தடுப்புச் சட்டம் அரசாங்க அதிகாரிகளை மட்டும் கட்டுப்படுத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். தனியார் துறைக்கும் அது பொருந்தும். லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. தண்டனை 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. பெரும்பாலும் உள்ளே ஒருவரும் இருக்க மாட்டார், வெறும் வாய்ப்பேச்சாக இருக்கும். ஆனால் அந்தப் பேச்சு அதிகாரியின் காதுக்கு எட்டினால் உங்கள் கோப்பு அன்றே மூடப்படும். 2005இல் தேசிய சிறுநீரக அறநிறுவனம் நன்கொடைப் பணத்தைக் கையாண்ட விதம் நீதிமன்றத்தில் வெளிப்பட்டு விவகாரம் வெடித்த பிறகு, இந்த ஊரில் பிறர் பணத்தைக் கையாளும் ஒவ்வொருவரும் இரண்டு முறை யோசித்துத்தான் கையெழுத்திடுகிறார்கள்.

பணம் யார் கணக்குக்கு வரும் என்பதுதான் ஆறாம் கேள்வி. உங்கள் விண்ணப்பம் உண்மையில் சிக்கியிருப்பது இங்கேதான். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் அது சங்கம், சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாமல் நடத்துவது சட்டவிரோதம். நீங்கள் ஏழு பேர், அதனால் அந்தக் கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் ஆலோசகர் உங்களைப் பெரிதாகக் காட்ட நினைத்து, முதல் பக்கத்தில் "32 உறுப்பினர்கள் கொண்ட அமைப்பு" என்று எழுதியிருக்கிறார். ஏழுடன் 25 பிள்ளைகளையும் கூட்டிவிட்டார்! இதைப் படிக்கும் எவரும், 32 பேர் பதிவில்லாமல் சங்கம் நடத்துகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். பதிவைப் பற்றிய நான்காம் கேள்வி வந்ததற்குக் காரணம் இதுவே. "நாங்கள் ஏழு தொண்டூழியர்கள். 25 பிள்ளைகள் எங்களிடம் படிக்க வருபவர்கள், உறுப்பினர்கள் அல்லர்" என்று ஒரே வரியில் திருத்துங்கள். வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் பெற்றோரையும் உறுப்பினர் என்று எங்கும் எழுதாதீர்கள். நாளை இன்னும் மூன்று தொண்டூழியர்கள் சேர்ந்தால் நிலைமை மாறிவிடும், அதற்கு முன்பே பதிவைப் பற்றி யோசியுங்கள்.

ஏழு பேராக இருப்பது குற்றமில்லை என்றாலும், பெரும்பாலான அறக்கட்டளைகள் தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புவதில்லை. அதற்காக இப்போது அவசர அவசரமாகச் சங்கம் தொடங்க வேண்டாம். ஏற்கனவே பதிவுபெற்ற அமைப்பு ஒன்று உங்களுக்காகப் பணத்தைப் பெற்று, கணக்கு வைத்துத் தர முடியும். இதைப் பல அறக்கட்டளைகள் ஏற்றுக்கொள்கின்றன, உங்கள் அதிகாரியிடமும் நேராகக் கேளுங்கள். நான்கு விஷயங்களை மட்டும் பாருங்கள். அந்த அமைப்பின் சட்டதிட்டத்தில் கல்வியோ மொழியோ நோக்கமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அதன் செயற்குழு கூட்டக் குறிப்பில் தீர்மானம் பதிவாக வேண்டும். உங்கள் பணம் அவர்கள் கணக்கில் தனித் தலைப்பில் நிற்க வேண்டும். அவர்கள் சிறு கட்டணம் கேட்டால் அது செலவுப் பட்டியலில் வெளிப்படையாக இருக்க வேண்டும், நிர்வாகச் செலவு என்ற வரிக்கு அப்போது நேர்மையான விளக்கம் கிடைத்துவிடும். அது அறநிறுவனமாக இருந்தால் அறநிறுவனங்களின் இணைய வாசலில் அதன் ஆண்டறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். அறக்கட்டளையின் ஆண்டறிக்கையையும் அங்கேயே தேடிப் பாருங்கள். உங்களைப் போன்ற குழுக்களுக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது என்பது தெரியவரும்.

நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக் கழிவு கிடைக்கும், அதற்காக ஐபிசி தகுதி (நன்கொடையாளருக்கு வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் தகுதி) உள்ள அமைப்பைத்தான் பிடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கழிவு நன்கொடை கொடுப்பவருடைய வருமான வரிக்கானது. அறநிறுவனமாகப் பதிவுபெற்ற அறக்கட்டளை வருமான வரியே கட்டுவதில்லை, கழிவை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

18,000 வெள்ளிக்கு 14 பக்க விண்ணப்பம் எதற்கு என்று நீங்கள் கேட்டிருந்தால் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஐந்து லட்சம் வெள்ளி கேட்கும் மருத்துவத் திட்டத்துக்கும், மைலோவும் பிஸ்கட்டும் வாங்கக் கேட்கும் வாசிப்புக் குழுவுக்கும் ஒரே படிவம். சிறு தொகைக்கு மூன்று பக்கம் போதும் என்று நான் ஆண்டுதோறும் எழுதிக்கொடுத்தேன், ஆண்டுதோறும் படிவம் நீண்டது. இந்த நீளம்தான் உங்களைத் தரகரிடம் தள்ளுகிறது. அது அமைப்பின் குற்றம், உங்கள் குற்றம் இல்லை. அதைவிடக் கொடுமை, முதலில் செலவு செய்துவிட்டு ரசீது காட்டி வாங்கிக்கொள்ளச் சொல்வது. கையில் இல்லாததால்தானே கேட்கிறார்கள்? உங்கள் பதிலின் கடைசியில், முதல் தவணையை முன்பணமாகத் தர முடியுமா என்று கேட்டுவிடுங்கள். கேட்டவர்களில் பலருக்கு நான் வாங்கிக்கொடுத்திருக்கிறேன். கேட்காதவருக்கு யாரும் தாமாகத் தருவதில்லை.

ரசீதுகளை வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். பேரங்காடி ரசீதில் அச்சு சில மாதங்களில் வெளுத்து, கணக்குக் காட்டும் நேரத்தில் வெற்றுத்தாள் மட்டும் கையில் இருக்கும்.

ஆலோசகருக்கு இரண்டு வரி எழுதி உறவை முடித்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொடுத்ததற்குக் கூலி கேட்டால், நியாயமான தொகையை உங்கள் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறகு அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, ஆறாம் கேள்விக்குப் பதில் தர இரண்டு வாரம் வேண்டும், மற்ற எட்டுக்கும் இந்த வாரமே அனுப்புகிறோம் என்று சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை காலை வந்து பார்க்க அவரை அழையுங்கள். வந்தால் நாற்காலி தேட வேண்டாம், பிள்ளைகளோடு பாயில் உட்காரட்டும். அவர் கையிலும் ஒரு புத்தகத்தைக் கொடுங்கள்.