கலப்பினத்தால புது இனம் வருமா, இல்ல இருக்குற இனம் அழியுமா?

ரெண்டும் நடக்கும். வேற வேற இனம் ரெண்டு சேர்ந்து பெத்த வாரிசுதான் கலப்பினம்.

1981-ல பசிபிக் கடல்ல இருக்குற கலாபகோஸ் தீவுக்கூட்டத்துல டாஃப்னே மேஜர் தீவுக்கு வெளித்தீவுலேர்ந்து ஒரு ஆண் குருவி வந்து உள்ளூர் இனத்தோட ஜோடி சேர்ந்துச்சு, அதோட வாரிசுங்களுக்குப் பாட்டும் அலகும் வித்தியாசமா இருந்ததால உள்ளூர்க் குருவிங்க சேர்த்துக்கல, அதுங்க தங்களுக்குள்ளயே கட்டிக்கிட்டு தனி வம்சமாயிடுச்சு, உயிரியல் ஆய்வாளர்களான கிரான்ட் தம்பதி இதைத் தலைமுறை தலைமுறையா கூடவே இருந்து பார்த்தாங்க, எவ்வளவு பெரிய பொறுமை அது!

ஸ்காட்லாந்துல நேரெதிர். வீட்டுப்பூனையோட கலந்து கலந்து அசல் காட்டுப்பூனையே அரிதாயிடுச்சு.

நம்ம ஆத்தங்குடி கல்லு போடுறதைப் பாருங்க, கண்ணாடி மேல வச்ச அச்சுல கலர் ஊத்துறப்ப நடுவுல தகடு இருக்குற வரைக்கும் ஒவ்வொரு கலரும் தனியா நிக்கும், தகடே இல்லேன்னா எல்லாம் ஒரே குழம்பல்தான், இனங்களுக்கு நடுவுலயும் அந்தக் குருவிங்களோட பாட்டு, அலகு மாதிரி ஒரு தடுப்பு வேணும்.

கோவேறு கழுதை மாதிரி எல்லாக் கலப்பினமும் மலடுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படியில்ல, பல கலப்பினங்கள் நல்லாவே குட்டி போடும்.