13-ஹோட் அளவு ஆறு வாரத்தில் இரட்டிப்பது ஏன்?

கேள்வி: அழற்சியோடு தொடர்புள்ள 13-ஹோட் என்னும் ஆக்சிஜனேற்றக் கொழுப்பு அமிலத்தை எலைசா முறையில் (எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் முறை) சீரத்தில், அதாவது உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் நீர்மத்தில், அளந்து வருகிறேன். மைனஸ் 20 டிகிரியில் வைத்த அதே மாதிரி, ஆறு வாரம் கழித்து ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டுகிறது. எதிர்ப்பொருளை மாற்ற வேண்டுமா? அதையே பாரஃபின் மெழுகில் பதித்த திசு வெட்டுகளிலும் பயன்படுத்தலாமா?
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: எதிர்ப்பொருளை மாற்றுவதற்கு முன், மாதிரி எப்படி எடுக்கப்பட்டது, எப்படி வைக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். நீங்கள் தேடும் மூலக்கூறு, இரத்தம் எடுத்த பிறகும் குழாய்க்குள் உண்டாகிக்கொண்டே இருக்கக்கூடியது.

13-ஹோட் லினோலிக் அமிலத்திலிருந்து வருகிறது. அந்த அமிலத்தின் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள கார்பன் தன் ஹைட்ரஜனை எளிதில் இழந்துவிடும் என்பதால், உடலுக்குள் 15-லிப்பாக்சிஜனேஸ் நொதி செய்யும் வேலையை வெளியே காற்றும் சிறிதளவு இரும்பும் சேர்ந்தே செய்துவிடுகின்றன. நொதி பெரும்பாலும் 13-ஆம் கார்பனில், அதுவும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் ‘எஸ்’ என்னும் வடிவத்தில், ஆக்சிஜனைச் சேர்க்கிறது. காற்றோ 9-ஹோட்டையும் (ஆக்சிஜன் 9-ஆம் கார்பனில் சேர்ந்தது) 13-ஹோட்டையும் ஏறக்குறையச் சம அளவில், இருவகை வடிவங்களிலும் தருகிறது. ஆகவே பழைய மாதிரியில் 9-ஹோட்டும் கூடவே ஏறியிருந்தால், நீங்கள் அளந்தது நோயாளியின் அழற்சியை அன்று, உங்கள் உறைபெட்டியில் நடந்த ஆக்சிஜனேற்றத்தை.

மைனஸ் 20 டிகிரி இதைத் தடுக்கப் போதாது. சீரமும் நல்ல தேர்வு அன்று. இரத்தம் உறையும் நேரத்தில் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் தங்கள் நொதிகளால் இத்தகைய கொழுப்பு அமிலங்களைப் புதிதாக உண்டாக்கிவிடும். இனி இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, தாமதமின்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, ஆக்சிஜனேற்றத் தடுப்பானாகிய பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுயினைச் சேர்த்து, ஒரு முறைக்கு ஒன்றாகச் சிறு பங்குகளாக்கி, நைட்ரஜன் செலுத்தி மூடி, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். சிவப்பணு சிதைந்து நிறமேறிய மாதிரிகளை ஒதுக்குங்கள். அதிலுள்ள ஹீம் இரும்பே ஆக்சிஜனேற்றத்தை முடுக்கிவிடும். ஏற்கெனவே மைனஸ் 20-இல் கிடந்தவற்றை எந்தத் திருத்தக் கணக்காலும் மீட்க முடியாது. எத்தனை மாத உழைப்பு என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவற்றை ஆய்வேட்டில் சேர்க்காமல் விடுவதே நேர்மை.

இனி எதிர்ப்பொருளுக்கு வருவோம். ஏறக்குறைய 296 மூலக்கூறு எடை கொண்ட இவ்வளவு சிறிய பொருள் தனியாக நோயெதிர்ப்பைத் தூண்டாது. ஆகவே அதை ஒரு பெரிய புரதத்தோடு, பெரும்பாலும் கார்பாக்சில் முனை வழியாக, பிணைத்துத்தான் விலங்குக்குச் செலுத்துகிறார்கள். அப்படிப் பிணைத்தால் எதிர்ப்பொருளின் கண்ணில் நன்றாகப் படுவது மறுமுனையாகிய வால் பகுதி. அரக்கிடோனிக் அமிலத்திலிருந்து வரும் 15-ஹீட்டின் வாலும் இதைப் போன்றதே: இரண்டிலும் ஹைட்ராக்சில் குழு வால்நுனியிலிருந்து ஆறாவது கார்பனில் உள்ளது, அதை ஒட்டி அதே இரட்டைப் பிணைப்பு வரிசையும் உள்ளது. ஆகவே எதிர்ப்பொருள் தவறுதலாக வேறெவற்றோடு ஒட்டும் என்று காட்டும் குறுக்கு வினைப் பட்டியலில் 9-ஹோட், 15-ஹீட், லினோலிக் அமிலம் ஆகிய மூன்றையும் தவறாமல் பாருங்கள். மூன்றாவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மாதிரியில் 100 மைக்ரோமோலார் லினோலிக் அமிலம் இருந்து, குறுக்கு வினை 0.01 சதவீதமே என்றாலும், அது 10 நானோமோலார் 13-ஹோட்டாகக் கணக்கில் ஏறிவிடும்.

இது போட்டி முறை எலைசா, அதாவது மாதிரியிலுள்ள 13-ஹோட்டும் நிறம் தரும் அடையாளமிட்ட 13-ஹோட்டும் எதிர்ப்பொருளுக்காகப் போட்டியிடும் முறை என்பதால், நிறம் குறையக் குறைய அளவு கூடும். பிணைப்பைக் கெடுக்கும் எதுவும், மாதிரியைத் தயாரித்தபின் மிச்சமிருக்கும் மெத்தனால் உட்பட, 13-ஹோட் போலவே தோன்றும். ஆகவே மாதிரியை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு நீர்க்கச் செய்து, திருத்திய அளவு மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள்; தெரிந்த அளவு 13-ஹோட்டைச் சேர்த்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்றும் பாருங்கள். சில மாதிரிகளையாவது திரவ நிறப்பிரிகை இணைந்த நிறை நிறமாலைமானியில் சரிபார்த்துவிடுங்கள். 295 நிறையுள்ள அயனி சிதையும்போது 13-ஹோட் 195-ஐயும் 9-ஹோட் 171-ஐயும் தருவதால், எதிர்ப்பொருள் குழப்பிக்கொள்ளும் இடத்தில் அக்கருவி தெளிவாகப் பிரித்துக் காட்டும்.

இன்னொன்று: இரத்தத்திலுள்ள ஹோட்டின் பெரும்பகுதி கொலஸ்டிரால் எஸ்டரிலும் பாஸ்போலிப்பிடிலும் பிணைந்தே இருக்கிறது. காரத்தால் பிரித்து அளந்த மொத்த அளவையும், பிரிக்காமல் அளந்த தனி அளவையும் ஒப்பிட வேண்டாம்.

பாரஃபின் வெட்டுகளுக்கு இந்த எதிர்ப்பொருள் உதவாது. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் புரதங்களைப் பிணைத்து நிறுத்தும். 13-ஹோட்டில் அது பிடித்துக்கொள்ள அமின் குழு இல்லை. அடுத்து வரும் ஆல்கஹாலும் சைலீனும் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். திசுவில் பார்க்கத்தான் வேண்டுமென்றால், புரதங்களின் ஹிஸ்டிடின், லைசின், சிஸ்டீன் ஆகியவற்றோடு வலுவாக ஒட்டிக்கொள்ளும் 4-ஹைட்ராக்சிநொனினால் என்னும் சிதைவுப் பொருளுக்கான எதிர்ப்பொருளைப் பயன்படுத்துங்கள். அது காட்டுவது திசுவில் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் நடந்த தடயத்தை மட்டுமே. அந்த நிறச்செறிவை 13-ஹோட்டின் அளவாக எழுதிவிடாதீர்கள்.