சொல்வதை எழுதுபவரை யார் ஏற்பாடு செய்ய வேண்டும்?

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இந்த ஆண்டு ஓர் அரசு கலைக் கல்லூரியில் இளங்கலை வரலாறு சேர்ந்திருக்கிறாள். பருவத் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரை நாங்களே அழைத்துவர வேண்டும் என்கிறார்கள். ஆசிரியர்கள் அனுப்பும் பாடக்குறிப்புகளையும் அவளுடைய மடிக்கணினி வாசிப்பதில்லை. துறைத்தலைவரிடம் மறுபடியும் போய் நிற்கச் சங்கடமாக இருக்கிறது.
– ஒரு தந்தை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சங்கடப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஒரு மாணவருக்குத் தேவைப்படும் நியாயமான மாற்று ஏற்பாட்டை மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. எனவே நீங்கள் கேட்பது சலுகையன்று.

சொல்வதை எழுதுபவரைத் தாமே அழைத்து வருவதா, தேர்வு நடத்துபவர்களிடம் கேட்டுப் பெறுவதா என்பதைத் தேர்வெழுதுபவரே முடிவு செய்யலாம் என்று மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் கூறின. நிர்வாகமே ஒருவரை அமர்த்தினால், தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாக அவரைச் சந்தித்துப் பார்க்கவும் தேர்வெழுதுபவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அவை கூறின. 2025 ஆகஸ்டில் புதிய நெறிமுறைகள் வந்துவிட்டதால், இப்போதைய விதியைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். முன்கூட்டிச் சந்திப்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ‘சௌரி சௌரா’ என்று அவள் சொல்வதை மூன்று முறை கேட்டும் பிழையாக எழுதுகிறவர் அமைந்துவிட்டால், அந்த மதிப்பெண் யாருடையது? மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும் உண்டு. அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். தேர்வு நாளன்று வாசலில் நின்று வாதாடாமல், பருவத் தொடக்கத்திலேயே மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலை இணைத்து முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் வாங்கிவிடுங்கள். பதில் வராவிட்டால், ஒவ்வோர் அரசு நிறுவனமும் நியமித்தாக வேண்டிய குறைதீர்ப்பு அலுவலர் யார் என்று கேளுங்கள். பல கல்லூரிகளில் அந்தக் கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும் என்பது என் அனுபவம்.

பாடக்குறிப்புச் சிக்கலுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தாம். புத்தகப் பக்கத்தை ஒளிப்படமாக எடுத்து அனுப்பினால், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அங்கே எழுத்தே இல்லை. ‘படம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். மற்றொன்று நம் மொழிக்கே உரிய தொல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்ற சொல்லை அந்த மென்பொருள் ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்று வாசிக்கும். உங்கள் மகள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள் என நினைக்கிறேன். கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி அனுப்பும்படி ஆசிரியர்களிடம் கேளுங்கள்; இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் சில நிமிட வேலை அது. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருளும் இலவசமே. பாடநூல்களை அவள் வாசிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றப் பதிப்புரிமை தடை என்று யாரேனும் சொன்னால், 2012 திருத்தத்துக்குப் பின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அதற்கு விலக்களித்துள்ளதை எடுத்துக்காட்டலாம்.

கேள்வி: எனக்குக் கை நடுக்கம் உண்டு, வேகமாக எழுத முடியாது. சான்றிதழில் ஊனம் 40 சதவீதத்துக்குக் குறைவாக இருப்பதால், சொல்வதை எழுதுபவரைத் தர முடியாது என்கிறது கல்லூரி. இது சரியா?
– முதுகலை மாணவர், தஞ்சாவூர்

பதில்: சரியன்று. எழுதும்போது கைத்தசை இறுகும் குறைபாடுள்ள ஒருவர் மத்தியக் குடிமைப்பணித் தேர்வு தொடர்பாகத் தொடுத்த வழக்கில், 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கான அளவுகோலே ஒழிய, தேர்வில் எழுத்துத் துணை தருவதற்கான நிபந்தனை அன்று என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தெளிவாக்கியது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் தனி நெறிமுறைகளும் வந்தன; அவற்றுக்கும் பதிலாக 2025 ஆகஸ்டில் புதியவை வந்துவிட்டன. எழுதுவதில் உங்களுக்கு உள்ள இடர்ப்பாட்டைக் குறிப்பிட்டு அரசு மருத்துவ அலுவலரிடம் சான்று பெற்று, இப்போது நடப்பில் உள்ள நெறிமுறைகளின் நகலோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கொடுங்கள்.