கால்நடை மருத்துவர் பதில்கள்: கேன்டரில் துள்ளும் குதிரை

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற, காயடிக்கப்பட்ட ஏழு வயதுத் தரோப்ரெட் (பந்தய இன) குதிரை ஒன்றைச் சவாரிக்காக வாங்கியிருக்கிறேன். நடையிலும் ட்ராட்டிலும் (மிதமான ஓட்டம்) அமைதியாகப் போகிறது. அதைவிட வேகமான தாவு ஓட்டமான கேன்டருக்கு மாற்றும்போது மட்டும் தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, பின்னங்கால்களை உதறித் துள்ளுகிறது. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் சேணம் வலப்புறமாகவே சரிகிறது. பயிற்சியாளர் இதைத் திமிர் என்கிறார். சாட்டையால் அடக்கச் சொல்கிறார். குதிரை நொண்டவில்லை. உடலில் கோளாறு இருக்குமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இருக்கலாம் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே இரண்டு தடயங்கள் உள்ளன. துள்ளல் கேன்டர் தொடங்கும் நேரத்தில் மட்டும் வருகிறது. சேணம் எப்போதும் ஒரே பக்கம் சரிகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சாட்டையை ஓரமாக வைத்துவிட்டுக் குதிரையின் பின்புறத்தை முதலில் ஆராய வேண்டும் என்பதே என் கருத்து.

கேன்டரில் எழும்ப, குதிரை தன் எடையோடு சவாரி செய்பவரின் எடையையும் பின்னங்கால்களில் வாங்கி முன்னே தள்ள வேண்டும். அந்த விசை இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டின் வழியாகத்தான் முதுகுக்குப் போகிறது. அந்த மூட்டில் வலியுள்ள குதிரை ட்ராட்டில் சமாளித்துக்கொண்டு, கேன்டரில் துள்ளும், உதைக்கும், அல்லது பின்னங்கால்கள் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாக ஊன்றி முயலைப் போலத் தாவும். பின்னங்காலின் நடு மூட்டுக்குச் சற்றுக் கீழே தொடங்கும் தாங்குதசைநாரின் மேல்முனையில் உண்டாகும் காயமும் இப்படியே வெளிப்படலாம். நொண்டவில்லை என்பதை வைத்து நிம்மதி கொள்ள முடியாது. இரண்டு பின்னங்கால்களும் ஏறக்குறைய ஒரே அளவில் வலித்தால், எந்தக் காலைக் காப்பாற்றுவது என்று தெரியாத குதிரை இரண்டின் காலடி நீளத்தையும் குறுக்கிக்கொள்ளும். பார்ப்பவருக்கு அது சோம்பலாகத்தான் தெரியும்.

சேணம் சரிவதற்குச் சேணத்தின் அமைப்பும் காரணமாகலாம், நீங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவதும் காரணமாகலாம். ஆகவே நேராக உட்காரும் வேறொருவரை ஏற்றி, பின்னாலிருந்து கவனியுங்கள். அப்போதும் அதே பக்கம் சரிந்தால் பின்னங்கால் வலியைச் சந்தேகிக்க வேண்டும். பிரிட்டனில் நடந்த ஆய்வுகளில், நொண்டும் பின்னங்காலை ஊசியால் மரத்துப்போகச் செய்தவுடன் பல குதிரைகளில் சேணம் சரிவது நின்றது.

அடுத்து முதுகு. குதிரையின் மார்புப் பகுதியில் 18 முதுகெலும்புகள் உள்ளன. இவற்றில் பின்னால் உள்ள ஐந்தாறு எலும்புகளின் மேல்முட்கள், அதாவது சரியாகச் சேணத்தின் கீழே வருபவை, ஒன்றோடொன்று நெருங்கி உரசும் கோளாறு தரோப்ரெட் குதிரைகளில் பரவலாகக் காணப்படுகிறது. எக்ஸ்ரேயில் உரசல் தெரிந்தாலும் வலியில்லாமல் வாழும் குதிரைகளும் ஏராளம் என்பதால், படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அந்த இடத்தை மரக்கச் செய்து மீண்டும் சவாரி செய்து பார்க்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள். பின்னங்கால் வலியால் முதுகைப் பல நாள் விறைத்து வைத்திருந்து, பிறகு முதுகும் வலிக்கத் தொடங்கிய குதிரைகள் உண்டு. ஆகவே முதல் குறை கண்ணில் பட்டதும் தேடலை நிறுத்திவிடக் கூடாது.

சேணத்தை விரிப்பில்லாமல் முதுகில் வைத்துப் பாருங்கள். அது கடைசி விலாவைத் தாண்டிப் பின்னே போகக் கூடாது. முன்னும் பின்னும் மட்டும் அழுத்தி நடுவில் பாலம் போல நிற்கவும் கூடாது. சேணம் படும் இடத்தில் வெள்ளை முடிகள் முளைத்திருந்தால், அங்கே முன்பு கடும் அழுத்தம் இருந்திருக்கிறது என்று பொருள். பந்தய உடம்பு சவாரி உடம்பாக மாறும்போது முதுகின் வடிவமும் மாறுவதால், வாங்கிய அன்று பொருந்திய சேணம் இன்றும் பொருந்தும் என்று இருந்துவிடாதீர்கள். பற்களையும் குளம்புகளையும் வழக்கம்போலப் பார்க்கச் சொல்லுங்கள்; குறிப்பாகப் பின்குளம்புகளின் குதி தாழ்ந்திருக்கிறதா என்று.

கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவருடைய குழுவினரும் 2018-இல் வெளியிட்ட, சவாரிக் குதிரையின் வலியைக் காட்டும் 24 நடத்தைகளின் பட்டியல் உங்களுக்கு உதவும். காதுகளை ஐந்து வினாடிக்கு மேல் பின்னே மடித்து வைப்பது, பத்து வினாடிக்கு மேல் வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலை ஒரு பக்கமாக இறுக்குவது போன்றவை அதில் வரும். இந்த 24-இல் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் எலும்பு, தசை சார்ந்த வலி இருக்க வாய்ப்பு மிகுதி. சவாரியை ஒருவர் வீடியோ எடுக்கட்டும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு இவற்றில் பாதி தெரியாது. குதிரையைப் பராமரிக்கும் சயீஸையும் கேளுங்கள், தேய்த்துவிடும்போது எந்த இடத்தில் குதிரை சுளிக்கிறது என்பதை நம்மைவிட அவர் நன்கு அறிவார்.

கேள்வி: என் குதிரையும் துள்ளும். வலிநிவாரணி கொடுத்துப் பார்த்தோம், மாற்றமில்லை. அப்படியானால் வலி இல்லை என்று கொள்ளலாமா?
– வாசகி, சென்னை

பதில்: கொள்ள முடியாது. மருந்தில் துள்ளல் குறைந்தால் வலி உண்டு என்று கருதலாம். குறையாவிட்டால் எதுவும் முடிவாகவில்லை. நாட்பட்ட முதுகு வலியும், இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டின் வலியும் பினைல்பியூட்டசோன் போன்ற வலிநிவாரணிகளுக்குப் பல நேரங்களில் கட்டுப்படுவதில்லை. இரைப்பைப் புண்ணாக இருந்தால் அம்மருந்து அதை மோசமாக்கவும் கூடும். வயிற்றுவாரை இறுக்கும்போதே உங்கள் குதிரை கடிக்க வருகிறதென்றால் இந்தத் திசையில் தேடலாம். குதிரையின் இரைப்பை, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓயாமல் அமிலம் சுரப்பது. புண் இருக்கிறதா என்பதை ஏறக்குறைய மூன்று மீட்டர் நீள எண்டோஸ்கோப்பை உள்ளே செலுத்தித்தான் உறுதி செய்ய முடியும். இரத்தப் பரிசோதனையில் தெரியாது. அதுவரை வெறும் வயிற்றோடு சவாரிக்குக் கொண்டுபோகாமல், புறப்படுமுன் கொஞ்சம் குதிரை மசால் என்னும் தீவனப்பயிரோ காய்ந்த புல்லோ கொடுங்கள். வலிநிவாரணியைத் தொடர்வதா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.